மகள் புறக்கோள் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. நீங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்விதான்: "எங்கேயோ இருக்கிற கிரகத்தைப் பற்றிப் படித்தால் இங்கே யார் சம்பளம் தருவார்கள்?" பிளஸ் டூ படிக்கும் மகள் ஒரு வைரக் கிரகத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு, புறக்கோள் (சூரியனை அல்லாமல் வேறு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்) ஆராய்ச்சி செய்ய இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள், வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள். சரி, முதலில் அந்தக் கிரகத்தையே பார்த்துவிடுவோம். அதில்தான் உங்களுக்கான பதிலும் இருக்கிறது.

அதன் பெயர் 55 கேன்க்ரி இ. நம்மிடமிருந்து சுமார் 41 ஒளியாண்டு தூரத்தில், கடக ராசி மண்டலத்தில் (ஜாதகக் கட்டத்தில் இருக்கும் அதே கடகம்தான்) உள்ள ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுகிறது. பூமியைப் போல 8 மடங்கு நிறை, கிட்டத்தட்ட 2 மடங்கு விட்டம். நட்சத்திரத்திலிருந்து வெறும் 23 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் பாறையே உருகிக் கிடக்கும் அளவுக்குச் சூடு. வைரம் என்ற பேச்சு 2012இல் வந்தது. அதன் உட்பகுதியில் கார்பன் நிறைய இருக்கலாம் என்று நிக்கு மதுசூதன் குழு ஒரு கணக்கு போட்டுக் காட்டியது. அவர் பனாரஸில் பி.டெக். படித்துவிட்டு அமெரிக்கா போனவர். அடுத்த ஆண்டே அந்த நட்சத்திரத்தில் ஆக்சிஜனோடு ஒப்பிட்டால் கார்பன் எவ்வளவு என்று வேறொரு குழு மறுபடி அளந்தது. முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. வைரக் கதை ஆட்டம் கண்டது. வீடியோக்காரர்கள் மட்டும் இன்னும் அதை விடவில்லை.

உங்கள் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது இதன் இன்னொரு கதை. 2004இல் இந்தக் கோளைக் கண்டுபிடித்தபோது, அது நட்சத்திரத்தைச் சுற்ற 2.8 நாள் ஆகிறது என்றார்கள். 2010இல் ரெபெக்கா டாசன் என்ற ஆராய்ச்சி மாணவி, டேனியல் ஃபேப்ரிக்கியுடன் சேர்ந்து அதே தரவுகளை மறுபடி அலசினார். தரையில் இருக்கும் தொலைநோக்கி இரவில் மட்டும்தான் பார்க்கும். பகலில் இடைவெளி விழும். அந்த இடைவெளி கணக்கில் ஒரு போலிச் சுற்றுக்காலத்தைக் காட்டிவிடும். அதைக் களைந்து பார்த்தால் உண்மையான சுற்றுக்காலம் 18 மணி நேரத்துக்கும் குறைவு! அடுத்த ஆண்டே விண்வெளித் தொலைநோக்கிகள், கோள் நட்சத்திரத்தின் குறுக்கே போவதைப் பார்த்து அதை உறுதி செய்தன. அந்தக் கண்டுபிடிப்புக்குப் புதிதாக எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இருந்த எண்களை நிதானமாகப் படித்தார்கள், அவ்வளவுதான்.

இந்த வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கும்: கணிதம், புள்ளியியல், பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழி. உங்கள் மகளுக்கு இது பிடிக்கிறதா என்று இந்த விடுமுறையிலேயே பார்த்துவிடலாம். புறக்கோள்களைத் தேடும் நாசாவின் டெஸ் விண்கலத் தரவுகள் இலவசம். லைட்கர்வ் என்ற பைதான் தொகுப்பும் இலவசம். முதலில் வியாழன் அளவுள்ள பெரிய கோள் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். அது குறுக்கே போகும்போது நட்சத்திர ஒளி ஒரு சதவீதம் போலக் குறையும்; வரைபடத்தில் பள்ளம் பளிச்சென்று தெரியும். அப்புறம் 55 கேன்க்ரி இ. இதில் ஒளி குறைவது 0.04 சதவீதம்கூட இல்லை. சாதாரணமாகப் பார்த்தால் இரைச்சலுக்குள் எளிதில் கண்ணில் படாது. சுற்றுக்காலத்தின்படி தரவைப் புடவைக் கொசுவம் போல மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பள்ளம் தெளிவாக மேலே வரும். அதற்காக இரண்டு வாரம் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு, அப்போதும் சலிக்கவில்லை என்றால் பெண்ணை விடுங்கள், படிக்கட்டும். மூன்றாம் நாளே லேப்டாப்பை மூடிவிட்டால் அவளுக்குப் பிடித்தது வீடியோ மட்டும்தான்.

படிப்புக்கு வழிகள் உண்டு. ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ்.; அதற்கு ஐஏடி நுழைவுத் தேர்வு. அதே போன்ற புவனேஸ்வர் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு. இவை கிடைக்காவிட்டால் நல்ல ஆசிரியர்கள் உள்ள கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்த்து, பிறகு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. போகலாம். இதைத் தாழ்ந்த வழி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி சம்பளம். எம்.எஸ்சி. முடித்து நெட் அல்லது ஜெஸ்ட் போன்ற தேர்வு எழுதி பிஎச்.டி. சேர்ந்தால் நீங்கள் கட்ட வேண்டியதில்லை, அவர்கள்தான் தருவார்கள். தேசிய உதவித்தொகை 2023இலிருந்து, முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திலும் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்திலும் புறக்கோள் ஆராய்ச்சி நடக்கிறது. அகமதாபாத் குழு மவுண்ட் அபுவில் உள்ள, நட்சத்திர ஒளியைப் பிரித்து அளக்கும் பராஸ் என்ற கருவியைக் கொண்டு 2018இல் ஒரு கோளையே உறுதிப்படுத்தியது.

கஷ்டமான பகுதியையும் மறைக்க மாட்டேன். பிஎச்.டி.க்கு ஐந்தாறு ஆண்டு. பிறகு போஸ்ட்-டாக் என்று ஒப்பந்த வேலை, பெரும்பாலும் வெளிநாட்டில், ஓரிரு முறை ஊர் மாற வேண்டியிருக்கும். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. முப்பது வயதுக்கு மேல்தான் ஒரு இடத்தில் உட்காருவார்கள். உங்கள் வீட்டில் பெரியவர்கள் கல்யாணப் பேச்சை எடுப்பதும் இந்த ஆண்டுகளில்தான். அதை இப்போதே மகளுடன் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். ஆனால் நடுவில் இறங்க நினைத்தால் வழி இருக்கிறது. இரைச்சலுக்குள்ளிருந்து உண்மையான சிக்னலை எடுக்கத் தெரிந்தவர்களை டேட்டா சயின்ஸ் நிறுவனங்களும் வங்கிகளும் வேலைக்கு எடுக்கின்றன.

இந்த ஆண்டு செய்ய வேண்டியது: பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பியுங்கள், ஐஏடி, நெஸ்ட் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டாம். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த இணையதளத்தையே பாருங்கள். மகள் போடும் முதல் வரைபடத்தை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்துப் பேசலாம்.