அண்ணாச்சியிடம் கணக்குக் கேள்விகள்

அம்பாசமுத்திரம் வாசகர்: அண்ணாச்சி, கணக்குன்னா ராமானுஜன் மட்டும்தானா? நம்ம பக்கம் ஆளே இல்லையா?

ஏன் இல்லாம? குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் 1901-ல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை இருக்கிறாரே! சாரல் சீசனுக்கு அந்தப் பக்கம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று கேட்டால் எனக்கே வருத்தமாகத்தான் இருக்கும். அவர் பிடித்தது 1770-ல் ஆங்கிலேயக் கணிதர் வாரிங் கிளப்பிவிட்ட சிக்கல்: எந்த முழு எண்ணையும் கனங்களின் கூட்டலாக, இல்லை நாலாம் அடுக்கு, ஆறாம் அடுக்கு எண்களின் கூட்டலாக எழுத அதிகபட்சம் எத்தனை வேண்டும்? 23-ஐக் கனங்களின் கூட்டலாக எழுதிப் பாருங்கள். 27 பெரிசு, அதனால் இரண்டு 8, ஏழு 1, ஆக ஒன்பது கனங்கள் வேண்டும். ஆறாம் அடுக்கில் (2-க்கு அது 64, 3-க்கு 729) இதே வேலையை 703-க்குச் செய்தால் பத்து 64, அறுபத்துமூன்று 1, மொத்தம் 73. இதுவரை பள்ளிப் பிள்ளையே போட்டுவிடும், ஆனால் எந்த எண்ணை எடுத்தாலும் 73-க்கு மேல் வேண்டாம் என்று நிரூபிப்பதுதான் மலை. அதை 1940-ல் செய்தவர் பிள்ளை. நாலாம் அடுக்குக்கு 19 போதும் என்று முடிக்க 1986 ஆகிவிட்டது. அதிலும் நம் ஆர். பாலசுப்பிரமணியன் இருந்தார்.

தென்காசி வாசகர்: பிள்ளை அப்புறம் என்ன ஆனார்?

அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்கு அழைப்பு வந்து கிளம்பினார். 1950 ஆகஸ்ட் 31, கெய்ரோ அருகே விமான விபத்து. ஐம்பதுகூட ஆகவில்லை.

பாளையங்கோட்டை மாணவி: முடிவிலியில் பெரிசு, சின்னது உண்டாமே?

உண்டும்மா. கல்யாணப் பந்தியில் இலைக்கு ஒருத்தர் உட்கார்ந்துவிட்டால் எண்ணாமலே இரண்டும் சமம், சரியா? கான்டர் என்ற கணிதர் முடிவிலிக்கும் அதே அளவுகோலைத்தான் பிடித்தார். 1, 2, 3 என்று முடிவில்லாமல் இலை போட்டு, 0-க்கும் 1-க்கும் நடுவில் உள்ள தசம எண்களை உட்கார வை. முதல் எண்ணின் முதல் இலக்கத்தை மாற்று, இரண்டாவதின் இரண்டாம் இலக்கத்தை மாற்று, இப்படியே போனால் எந்த இலையிலும் இல்லாத ஓர் எண் வாசலில் நிற்கும். அதனால் 1, 2, 3 முடிவிலியைவிடத் தசம எண்களின் முடிவிலி பெரிசு. இது 1891-ல் சொன்ன வாதம்.

அதே மாணவி: இந்த இரண்டு அளவுக்கும் நடுவில் இன்னொன்று இருக்குமா அண்ணாச்சி?

நல்ல பிள்ளை, தீராத கணக்குகள் என்று கணிதர் ஹில்பர்ட் 1900-ல் போட்ட பட்டியலில் முதல் கேள்வியே இதுதான். 'நடுவில் ஒன்றும் இல்லை' என்பதைப் பொய்யாக்க முடியாது என்று கோடல் என்ற கணிதர் காட்டினார். மெய்ப்பிக்கவும் முடியாது என்று 1963-ல் கோஹன் என்ற இன்னொரு கணிதர் காட்டினார். வழக்கமான கணக் கோட்பாட்டு (தொகுப்புகளைப் பற்றிய கணக்கு) விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லவே முடியாது.