கேள்வி – பதில்: 'ஃபாரெவர் யங்' எந்தப் பதிப்பில் கேட்பது?

கேள்வி: ஜெர்மனியின் 'ஆல்ஃபாவில்' (Alphaville) என்ற பாப் இசைக்குழுவுடைய முதல் ஆல்பம் 'ஃபாரெவர் யங்' பல பதிப்புகளில் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: ஆல்பம் ஒன்றுதான். 1984 செப்டம்பரில் வந்தது. பத்துப் பாடல்கள், 43 நிமிடத்துக்குச் சற்று மேல். குழப்பம் வருவது சிங்கிள்களால், அதாவது ஒரு பாட்டை முன்னிறுத்தித் தனியே வெளியிட்ட தட்டுகளால். அக்காலத்தில் ஒரே பாட்டை வானொலிக்காக 7 அங்குலத் தட்டில் சுருக்கியும், நடன அரங்குக்காக 12 அங்குலத் தட்டில் நீட்டியும் வெளியிடுவார்கள். 'பிக் இன் ஜப்பான்' ஆல்பத்தில் 4:43 ஓடும்; 7 அங்குலத்தில் நாலு நிமிடத்துக்கும் குறைவு; 12 அங்குலத்தில் ஏழு நிமிடத்தைத் தாண்டும்.

2019-இல் வந்த ரீமாஸ்டரில் மூன்று வகை உண்டு: தனி எல்பி (வினைல் இசைத்தட்டு), 2 சிடி, பெரிய பெட்டி. பெட்டியில் 3 சிடி, ஒரு எல்பி, ஒரு டிவிடி. இரண்டாவது சிடியில்தான் சரக்கு இருக்கிறது: நீட்டிய மிக்ஸ்கள், கூடவே ஆல்பத்தில் இடம்பெறாத பி-பக்கப் பாடல்கள் (சிங்கிள் தட்டின் மறுபக்கத்தில் வந்தவை). 'சீட்ஸ்', 'தி நெல்சன் ஹைரைஸ்', 'வெல்கம் டு தி சன்', 'கோல்டன் ஃபீலிங்' ஆகிய நான்கையும் தேடுபவருக்கு 2 சிடி போதும். பெட்டியில் கூடுதலாக வரும் மூன்றாவது சிடி முழுக்க டெமோ, அதாவது இறுதிப் பதிவுக்கு முந்தைய மாதிரிப் பதிவுகள். ஒரு பாட்டு எப்படி உருவானது என்று நோண்டிப் பார்ப்பவருக்கு மட்டும். பத்துப் பாடல்கள் கேட்டால் போதும் என்றால் பழைய சிடியே தாராளம். ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. ரீமாஸ்டரில் ஒலியின் அளவும் சமநிலையும்தான் மாறும். எந்த சின்தசைசரும் இடம் மாறாது; அவற்றைப் பிரித்து மறுபடி கலப்பதுதான் ரீமிக்ஸ்.

கேள்வி: பழைய எல்பி வாங்கும்போது எதைச் சோதிப்பது?

பதில்: பக்கத்தின் கடைசிப் பாட்டை முதலில் போடச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் 'ஃபாலன் ஏஞ்சல்', இரண்டாவதில் 'தி ஜெட் செட்'. 33⅓ சுழற்சியில் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ. வரிப்பள்ளம் ஓடுகிறது, லேபிள் அருகே அது பாதிக்கும் கீழே போய்விடும். அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் அடைக்கவேண்டியிருப்பதால் 'ஸ', 'ஷ' ஒலிகள் கிழியும். தேய்ந்த ஊசியில் ஓடிய தட்டு என்றால் அது நிரந்தரச் சேதம், கழுவிப் பயனில்லை. தலைப்புப் பாட்டு இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. இடம் நல்ல இடம்தான். ஆனால் எல்லோரும் அதையே திரும்பத் திரும்பப் போட்டிருப்பார்கள், அங்கே ஊசி விழுந்த கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள 'பிக் இன் ஜப்பான்' ஆல்பத்தில் உள்ளது போல இல்லையே?

பதில்: 1992-இல் வந்த 'ஃபர்ஸ்ட் ஹார்வெஸ்ட்' தொகுப்பிலிருந்து எடுத்ததாக இருக்கலாம். அதில் '1992 ஏ.டி.' என்ற மறு உருவாக்கம் உண்டு. வேறு தொகுப்புகளிலிருந்தும் வந்திருக்கலாம்: 2001-இன் 'ஃபாரெவர் பாப்' ரீமிக்ஸ் தொகுப்பு. 2022-இன் 'எட்டர்னலி யுவர்ஸ்' வயலின் முதலிய கருவிகள் கொண்ட ஆர்கெஸ்ட்ராவோடு மீண்டும் பதிவுசெய்தது. கோப்பின் பெயரை நம்பாமல் நேரத்தைப் பாருங்கள்.

கேள்வி: 'ஜெட் செட்' சிங்கிளும் ஆல்பப் பாட்டும் ஒன்றா?

பதில்: இல்லை. 1985 சிங்கிளுக்காகத் தனியே மிக்ஸ் செய்தார்கள். ஆல்பத்தில் இருப்பது 4:52.