ஒரே ஆள்தான் பரப்பினாரா?

கேள்வி: 'அண்ட் தி பேண்ட் ப்ளேட் ஆன்' என்ற எச்பிஓ டிவி படத்தை இப்போதுதான் பார்த்தேன். ஒரே ஒரு விமானப் பணியாளர் ஊர் ஊராகப் பறந்து அமெரிக்கா முழுக்க எய்ட்ஸைப் பரப்பியிருக்கிறார்! அந்த ஆளை அப்போதே பிடித்து அடைத்திருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்? (கோவை வாசகர்)

பதில்: எய்ட்ஸ் பரவுவது அதனால் நின்றிருக்காது. 1993-ல் வந்த அந்தப் படத்தில் உங்கள் கண்ணில் பட்டது இது ஒன்றுதானா?

முதலில் அந்த விமானப் பணியாளருக்கு ஒட்டிக்கொண்ட 'பேஷன்ட் ஜீரோ' (நோயைத் தொடங்கிவைத்த முதல் நோயாளி) என்ற பட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1982-ல் அட்லாண்டாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்காரர்கள் லாஸ் ஏஞ்சலிஸ் நோயாளிகளிடம் யார் யாரோடு உறவு இருந்தது என்று விசாரித்தார்கள். அதில் அடிபட்ட இவர் கலிஃபோர்னியாக்காரர் அல்ல. வெளியூர் ஆள் என்று குறிக்க 'அவுட் ஆஃப் கலிஃபோர்னியா' என்பதன் முதலெழுத்தான 'ஓ'வைப் போட்டார்கள். அந்த 'ஓ' பூஜ்யமாகி, 1984-ல் கட்டுரையாக அச்சேறியபோது 'நோயாளி 0' என்றே வந்துவிட்டது. பத்து நகரங்களின் 40 நோயாளிகளைக் கோடு போட்டு இணைக்கும் வரைபடத்தில் நட்டநடுவே அந்தப் பூஜ்யம். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இங்கிருந்துதான் எல்லாம் கிளம்பியது என்றுதான்.

அவர் நடுவில் வந்ததற்குக் காரணம் வேறு. மற்றவர்கள் பெயர் தெரியாது, நினைவில்லை என்று கைவிரித்தபோது, இவர் 72 பேருடைய பெயர்களைக் கொடுத்தார். சோதனைக்கு ரத்தமும் கொடுத்தார். நிறையப் பெயர் சொன்னவரிடமிருந்து நிறையக் கோடுகள் கிளம்பத்தானே செய்யும்! ஒத்துழைத்ததற்குக் கிடைத்த சன்மானம் 1987 அக்டோபரில் வந்தது. அவர் இறந்து மூன்றரை வருஷத்துக்குப் பிறகு நியூயார்க் போஸ்ட் போட்ட தலைப்பு: 'எய்ட்ஸை நமக்குத் தந்த மனிதன்'. அவர் பெயர் உலகத்துக்கே தெரியும். ஆனாலும் இந்தப் பக்கத்தில் வேண்டாம்.

கணக்கிலும் ஓட்டை. அந்தக் கட்டுரை எழுதியவர்கள், உறவு கொண்டதிலிருந்து நோய் தெரிய ஓராண்டுக்கும் குறைவாகவே ஆகும் என்று எடுத்துக்கொண்டார்கள். எச்ஐவி அப்படிப்பட்ட வைரஸ் அல்ல. மருந்தில்லாமல் விட்டால் உடம்புக்குள் புகுந்து எய்ட்ஸாக முற்றச் சராசரியாகப் பத்து வருஷம் எடுக்கும். அவரைச் சந்தித்துச் சில மாதங்களில் படுத்தவர்களில் பெரும்பாலோருக்கு அது பல வருஷம் முன்பே வேறு யாரிடமிருந்தோ வந்திருக்க வேண்டும். 1981-82-ல் இது யாருக்கும் தெரியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்றைக்கும் அதையே நம்புவதுதான் தப்பு.

2016-ல் மரபணுவும் அதையே சொன்னது. ஹெப்படைட்டிஸ் பி என்ற கல்லீரல் தொற்று பற்றிய ஆய்வுக்காக 1978-79-ல் நியூயார்க்கிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் எடுத்து உறைய வைத்திருந்த பழைய சீரத்திலிருந்து (ரத்தத்தின் தெளிநீர்) வைரஸின் மரபணுவை ஆய்வாளர் மைக்கேல் வொரோபேயின் குழு மீட்டுப் படித்தது. கரீபியனிலிருந்து நியூயார்க்குக்கு அது 1970 வாக்கிலேயே வந்தாயிற்று. நம்ம விமானப் பணியாளரின் வைரஸ் அந்த வம்சாவளியில் வேரில் இல்லை. நடுவில் எங்கோ ஒரு கிளையில், நூற்றோடு நூற்றொன்றாகக் கிடக்கிறது.

வைரஸை முதலில் கண்டுபிடித்தது யார் என்று அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் காலோவுக்கும் பிரெஞ்சு விஞ்ஞானிகளுக்கும் நடக்கிற பெருமைச் சண்டை படத்தில் நன்றாகவே வந்திருக்கிறது. 2008 நோபல் பிரெஞ்சுக்காரர்களுக்குப் போனது, காலோவுக்கு இல்லை என்பதோடு அதை விடலாம். நீங்கள் திரும்பப் பார்க்க வேண்டியது ரத்த வங்கிக் கூட்டத்தை. 1983 ஜனவரி 4, அட்லாண்டா. அதற்குள் ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) உள்ளவர்களுக்கு எய்ட்ஸ் வந்தாயிற்று. ரத்தம் ஏற்றிய ஒரு கைக்குழந்தைக்கும் வந்தாயிற்று. வைரஸையே இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அதனால் நேரடிச் சோதனை கிடையாது. ஆனால் எய்ட்ஸ் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி வந்துபோன தடயம் இருந்தது. அந்தத் தடயத்தைக் காட்டும் சோதனை கைவசம் இருக்கிறது. அதை வைத்தாவது தானம் வந்த பைகளை வடிகட்டுங்கள் என்றார்கள் மையத்துக்காரர்கள். செலவாகும், நல்ல ரத்தத்தையும் கொட்ட வேண்டிவரும், கொடையாளிகள் மனம் கோணுவார்கள், ஆதாரம் போதாது என்று ரத்த வங்கிக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும் என்று மையத்து டாக்டர் டான் ஃபிரான்சிஸ் மேஜையைக் குத்தியது கற்பனைக் காட்சி அல்ல. கூட்டம் முடிவு எதுவும் எடுக்காமல் கலைந்தது. எச்ஐவிக்கான எலைசா சோதனைக்கு அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். இடையில் இரண்டு வருஷம், இரண்டு மாதம்.

ஹீமோஃபீலியாக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு அடி? ரத்தம் உறைய அவர்கள் போட்டுக்கொள்ளும் ஃபாக்டர் 8 பொடி, ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலந்து எடுப்பது. ஒருவரிடம் வைரஸ் இருந்தால் அந்தத் தொட்டியில் எடுத்த அத்தனை குப்பியும் போச்சு. அமெரிக்காவில் அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்றியது. பொடியைச் சூடுபடுத்தினால் வைரஸ் செத்துவிடும் என்பது 1984-ல் உறுதியானது. அதன் பிறகும் அந்தப் பொடியைத் தயாரித்த கட்டர் என்ற கம்பெனி சூடுபடுத்தாத பழைய சரக்கை ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் விற்றுக்கொண்டிருந்ததை 2003-ல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது.

சரி, அடைத்து வைப்பது. 1982-ல் யாரை அடைப்பீர்கள்? சோதனையே இல்லாத காலம். வைரஸ் ஏற்கெனவே பல்லாயிரம் பேர் உடம்பில் இருக்கிறது, முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். சோதனை வந்த பிறகு நம் நாட்டிலேயே அதைச் செய்து பார்த்தார்கள். 1989-ல் கோவாவில் டொமினிக் டிசோசா என்ற இளைஞரைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் போலீஸ் கூட்டிப்போய், பழைய காசநோய் மருத்துவமனையில் 64 நாள் தனியாகப் பூட்டி வைத்தது. அவர் தப்பி ஓடி அகப்பட்டவர் அல்ல. வழக்கமாக ரத்ததானம் செய்கிறவர். அப்படிக் கொடுத்த ரத்தத்தைச் சோதித்ததில்தான் விஷயம் தெரிந்தது. இப்படிப் பூட்டினால் அடுத்த ஆள் சோதனைக்கு வருவாரா?