அப்பாவிடம் கடைசிக்கால விருப்பத்தை எப்படிக் கேட்பது?

பென்னாகரத்தில் இருக்கும் 75 வயது அப்பாவிடம் இந்தப் பேச்சை எடுத்தாலே "வாயைக் கழுவு" என்கிறார், எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவருடைய சாவிலிருந்து தொடங்காதீர்கள். பாலக்கோட்டில் பெரியப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், திண்ணையில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், "பெரியப்பாவுக்குக் கடைசி வரை குழாய் போட்டுவைத்தது சரிதானா அம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கை நிற்கவில்லை. "எனக்கு அதெல்லாம் வேண்டாம். இந்த வீட்டிலேயே இருக்கிறேன். வலி தெரியாமல் மட்டும் பார்த்துக்கொள்" என்றார். பல வருடங்களாக நான் பயந்த பேச்சு, ஒரு முறம் கடலை உரிப்பதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா மனம் திறந்தால் எழுதியும் வையுங்கள். குணமாக வழியில்லாத நிலையில் உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்தும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதும். குணமாகும் வாய்ப்பில்லை என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் உறுதிசெய்த பிறகே அது செயலுக்கு வரும். அப்பாவுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பாதி பயம் போய்விடும். அவர் சார்பில் முடிவெடுப்பவர்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு ஐசியூ வாசலில்தான் முளைக்கிறது.

முதல் முறை எழுந்து போய்விட்டால் விடுங்கள். அடுத்த துக்க வீட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவரே தொடங்கக்கூடும்.