இனிப்பே தொடாத அப்பாவுக்குச் சர்க்கரை ஏன் ஏறி இறங்குகிறது? களி சாப்பிட்டால் சரியாகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: அப்பாவுக்கு 54 வயது. காலையில் வெறும் வயிற்றில் 80, சில நாள் 70-க்கும் கீழே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 280. இனிப்பு கிடையாது, மாத்திரை தவறுவதில்லை. சோற்றை விட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறினால் போதும் என்று ஊரில் சொல்கிறார்கள்.

சாப்பாட்டால் இதைப் பெருமளவு அடக்கலாம். ஆனால் அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் களியை வைத்தால் மட்டும் அடங்காது. எனக்கு அடங்கவில்லை.

நான் பஸ் கண்டக்டர். பாலக்கோடு பக்கம் கிராமம். சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. தர்மபுரியிலிருந்து பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் விடியற்காலை வண்டியில் பல வருடம் ஓடினேன். நாலே முக்காலுக்கு மாத்திரையைப் போட்டு ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினால், டிபன் ஓசூரில்தான், எட்டரைக்கு மேல்.

ஒரு நாள் ராயக்கோட்டை நெருங்கும்போது, தக்காளிக் கூடையோடு ஏறிய அம்மா நூறு ரூபாய் நீட்டினார். டிக்கெட் மெஷினில் எழுத்து கலங்கியது. சில்லறையை எண்ணுகிறேன், எண்ணுகிறேன், கணக்கு நிற்கவில்லை. சட்டை முழுக்க வியர்வை, விரல் நடுங்கி நாணயம் கீழே விழுகிறது. பின் சீட்டிலிருந்து ஒருவர், "காலங்காத்தாலயே குடிச்சிட்டு வந்துட்டானா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அவர் அப்பாவுக்கும் சர்க்கரை. டீக்கடையில் ஓரம் கட்டி, தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கி என் கையில் கொடுத்தார். பத்து நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது.

ஓசூரில் இறங்கியதும் அகோரப் பசி. பொங்கல், வடை, மேலே ரெண்டு பூரி, சர்க்கரை போட்ட டீ. பயத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன்: 312. உங்கள் அப்பாவின் 70-க்கும் 280-க்கும் இடையில் இப்படி ஒரு ஊஞ்சல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தாழ்ந்தால் உடம்பு பயந்துபோய்ப் பசியைக் கிளப்பும். அந்தப் பசியில் சாப்பிடுவது அளவு மீறும்.

இதில் என்னை ஏமாற்றியது மூன்று மாத சராசரியைச் சதவீதமாகச் சொல்லும் HbA1c டெஸ்ட். அதற்கு முந்தைய மாதம்தான் எனக்கு 7.4 வந்திருந்தது. 7 என்றால் சராசரி ஏறக்குறைய 154, 8 என்றால் 183. ‘பரவாயில்லை, நடுவில்தான் இருக்கிறோம்’ என்று நிம்மதியாக இருந்தேன். 60-ம் 300-ம் கலந்தாலும் நடுவில் ஒரு எண்தான் வரும் என்று தோன்றவே இல்லை. அதனால் வீட்டில் ஒரு மீட்டர் வாங்குங்கள். சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. எல்லா வேளையும் வேண்டாம், ஸ்ட்ரிப் விலை எனக்கும் தெரியும். இன்று காலை டிபனுக்கு, நாளை மதியத்துக்கு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். பக்கத்திலேயே என்ன சாப்பிட்டார், எவ்வளவு என்று எழுதுங்கள்.

இனி களி. நான் களியில் வளர்ந்தவன், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் மாவுச்சத்து 70 கிராம் அளவில் இருக்கிறது. அரிசியில் 78. பெரிய வித்தியாசமா? நார்ச்சத்தும் கால்சியமும் கேழ்வரகில் பல மடங்கு உண்டு, அது உண்மையான நன்மை. ஆனால் ‘ராகிதானே’ என்று தேங்காய் அளவு இரண்டு உருண்டையை, மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். என் அம்மா களியில் அரிசி நொய்யும் போட்டுத்தான் கிண்டுவார், அந்தக் கணக்கும் சேரும்.

நான் அளந்து பார்த்தேன். நைசாக அரைத்த மாவில் சர்க்கரை போடாத ராகிக் கஞ்சி, பெரிய டம்ளரில் இரண்டு: இரண்டு மணி நேரம் கழித்து 236. இன்னொரு நாள் ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரே உருண்டைக் களி, அதற்கு முன் ஒரு கிண்ணம் அவரைக்காய்ப் பொரியல், கூடவே கொள்ளுக் கடைசல், ஒரு முட்டை: 164. நைசான மாவை நீர்க்கக் காய்ச்சிக் குடித்தால் வயிற்றில் நிற்காமல் உடனே சர்க்கரையாகிவிடுகிறது. காயும் பருப்பும் கூட இருந்தால் மெதுவாக இறங்குகிறது. சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று சத்துமாவுக் கஞ்சி காய்ச்சித் தரும் வீடுகள் நம் பக்கம் நிறைய. தயவுசெய்து ஒரு முறை அளந்து பாருங்கள்.

சாப்பிடும் வரிசையும் எனக்கு ஆச்சரியமாக வேலை செய்தது. முதலில் காய் அல்லது கீரை, அடுத்து பருப்போ முட்டையோ, கடைசியில் சோறு. அதே தட்டு, அதே அளவு, 30, 40 புள்ளி குறைவு. சாப்பிட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே கால் மணி நேரம் நடப்பேன். சாமைச் சோறும் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கும் இதே அளவுக் கணக்குதான். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எல்லாம் ரத்தத்தில் வெள்ளைச் சர்க்கரையின் வேலையைத்தான் செய்யும். கடத்தூர் பக்கம் வெல்லம் காய்ச்சும் என் சொந்தக்காரரிடமே இதைச் சொல்லி வருத்தப்பட வைத்திருக்கிறேன்.

மாம்பழம் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் என் மாமியார் வீடு காவேரிப்பட்டணம். மே மாதம் கூடை கூடையாக வரும். 100 கிராம் சதையில் மாவுச்சத்து சுமார் 15 கிராம். இரண்டு துண்டு சாப்பிட்டு அந்த வேளை சோற்றில் இரண்டு கரண்டி குறைத்துக்கொள்கிறேன். முழுப் பழமும் ஜூஸும் கிடையாது.

இப்போது மிக முக்கியமானது. அப்பா போடும் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும். நான் காபியோடு போட்டதுதான் என் தவறு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பொதுவாக இப்படித் தாழாது. இன்னொன்று: உணவைத் திடீரென்று பாதியாகக் குறைத்துவிட்டு பழைய அளவு மாத்திரையையே போட்டால் சர்க்கரை இன்னும் அதிகமாக விழும். நான் சாப்பாட்டை மாற்றியபோது எங்கள் டாக்டரம்மா நோட்டைப் பார்த்து மாத்திரையைப் பாதியாக்கினார். நாமாகக் குறைக்கக் கூடாது, நிறுத்தவும் கூடாது. காலையில் 70-க்குக் கீழே வருவதை அடுத்த செக்கப் வரை தள்ளாமல் இந்த வாரமே சொல்லுங்கள். இரவு எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிடுகிறார் என்றும் கேட்பார்கள். இரவில் மது உண்டு என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் விடியலில் சர்க்கரையை இறக்கிவிடும்.

தாழ்ந்துவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து அளந்து, 70-க்கு மேல் வராவிட்டால் மறுபடி அதே அளவு. வந்ததும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சோறோ போதும், நான் ஓசூரில் செய்ததைச் செய்ய வேண்டாம். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துக்கு அலைய முடியாதவர் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை தருகிறார்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் அது தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். என் அம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது.

நான் இப்போது ஒரு சின்ன டப்பாவில் இரண்டு இட்லி, பொடி தொட்டு எடுத்துப் போகிறேன். பாலக்கோடு ஸ்டாண்டில் வண்டி நிற்கும் நேரத்தில் அதைச் சாப்பிட்டு மாத்திரை. பணப்பையின் பக்க அறையில் சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் உண்டு. அதைப் பிரித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மழைக்காலத்தில் இறுகிவிடும் என்பதால் மாதம் ஒருமுறை மாற்றி வைக்கிறேன்.