ரசிக்கவா, விற்கவா? கைக்கடிகாரக் கேள்வி பதில்

இருபது வருடமாக வாட்ச் வாங்குகிறேன், விற்கிறேன், அவ்வப்போது ஏமாறுகிறேன். கடை கிடையாது, கமிஷன் கிடையாது. "விலை உயர்ந்த வாட்ச் எதை வாங்குவது என்று குழப்பமா, கேளுங்கள்" என்று சொல்லிவைத்தேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. பரவாயில்லை, வந்த வரிசையிலேயே போகிறேன்.

கேள்வி (சென்னை): சார், வயது 36, ஐடி வேலை. முதல் பெரிய வாட்ச். ரோலெக்ஸ் சப்மரைனரா, ஒமேகா ஸ்பீட்மாஸ்டரா? மனசு ஸ்பீட்மாஸ்டர் பக்கம் போகிறது. நண்பர்கள், "விற்கப் போனால் அடி வாங்குவாய்" என்கிறார்கள்.

பதில்: நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. ஸ்டீல் சப்மரைனரைக் கடை விலைக்கு வாங்க முடிந்தால், ஒரு வருடம் கட்டிவிட்டு விற்றாலும் பெரிய நஷ்டம் வராது. அந்த "முடிந்தால்"தான் சிக்கல். ஷோரூமில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொறுக்காமல் வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்கினால், "விலை குறையாத வாட்ச்" என்ற பேச்சின் லாபத்தை உங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று அர்த்தம். நீங்கள் வாங்குவது மிச்சத்தை.

ஸ்பீட்மாஸ்டர் நேர் எதிர். புதிதாக வாங்கி வாசலைத் தாண்டினாலே கொஞ்சம் பணம் போச்சு, கார் மாதிரி. ஆனால் இரண்டு வருடம் ஒருவர் கட்டிய வாட்ச்சைப் பெட்டி, வாரண்டி கார்டோடு வாங்கினால் அந்த நஷ்டம் அவருடையது. அதன்பின் விலை மெதுவாகத்தான் அசையும். விற்கும்போது எவ்வளவு வரும் என்பதில் மாடலுக்கு உள்ள பங்கைவிட, நீங்கள் எந்த விலைக்கு உள்ளே வந்தீர்கள் என்பதற்குப் பங்கு அதிகம்.

இனி கட்டிப் பார்க்கிற சங்கதி. ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச் கையால் சாவி கொடுக்க வேண்டியது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் கிரவுனை, அதாவது பக்கத்தில் இருக்கும் குமிழை, சுற்றுவது சிலருக்குச் சுகம், சிலருக்குத் தொல்லை. தண்ணீர் தாங்குவது 50 மீட்டர் மட்டும். கை கழுவலாம், கடலில் குதிக்க வேண்டாம். சப்மரைனர் 300 மீட்டர். நீங்கள் அதை மறந்தே போகலாம். ஸ்பீட்மாஸ்டரில் கண்ணாடி இரண்டு வகை. பிளாஸ்டிக் வகையான ஹெசலைட்டில் கீறல் சீக்கிரம் விழும், வீட்டிலேயே தேய்த்து எடுத்துவிடலாம். நாசா 1965-இல் தேர்வு செய்ததும் அந்தக் கண்ணாடியைத்தான். அடிபட்டால் சில்லுச் சில்லாகச் சிதறாது. இன்னொரு வகை சஃபையர், கீறாது, விலை அதிகம். எனக்கு ஹெசலைட் பிடிக்கும். அதன் மஞ்சள் கலந்த வெதுவெதுப்பு சஃபையரில் வராது.

மனசு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பழைய ஸ்பீட்மாஸ்டர் ஒன்று தேடுங்கள். சென்னை வேர்வைக்குத் தோல் ஸ்ட்ராப் வேண்டாம், ஸ்டீல் செயின். கேஸுக்கு, அதாவது வாட்ச்சின் உலோக உடலுக்கு, பாலிஷ் போட்டதா என்று கேளுங்கள். போட்டிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (துபாய்): அண்ணே, ரோலெக்ஸ் வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

பதில்: வந்துவிட்டது அந்தக் கேள்வி. தம்பி, 2021-இல் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் பட்டேக் ஃபிலிப் கம்பெனி தன் நாட்டிலஸ் 5711 மாடலை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்தது. கடை விலை சுமார் 35,000 டாலர். வெளிச்சந்தையில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. டிசம்பரில் டிஃபனி நகைக்கடையின் நீல நிற டயலோடு வந்த ஒன்று ஃபிலிப்ஸ் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. அதைப் பார்த்து ஊரே ஓடிவந்தது. 2022 வசந்தத்தில் சந்தை உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கியது. கடைசியில் ஓடிவந்தவர்கள் கையில் வாட்ச் இருந்தது, போட்ட பணம் இல்லை. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். ஒரு ரோலெக்ஸ் டேட்டோனாவை பிப்ரவரியில் வாங்கி, அந்த வருடக் கடைசியில் விற்றேன். எவ்வளவுக்கு என்று கேட்காதீர்கள், வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.

கேள்வி (மதுரை): ரோலெக்ஸ் நல்ல முதலீடா?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி (டொராண்டோ): அண்ணா, அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் கட்டிய மணிக்கூடு ஒன்று இருக்கிறது. ஒமேகா சீமாஸ்டர், அறுபதுகளில் வாங்கியது. டயல் பழுத்துப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. இங்கே ஒரு கடையில் புது டயல் போட்டு, பாலிஷ் பண்ணி, புதுசு மாதிரித் தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமோ?

பதில்: கொடுக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொடுக்காதீர்கள்.

அந்தப் புள்ளிகள் அறுபது வருடத்து ஈரம், வெயில், உங்கள் அப்பாவின் வேர்வை. டயலுக்கு மறுபடி வண்ணம் அடித்தால் எழுத்து தடிக்கும், ஒமேகா சின்னம் கோணும், பழைய பொருள் பார்க்கிறவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான், விலையும் விழும். கேஸுக்கு பாலிஷ் போட்டால் கூர்மையான விளிம்புகள் சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிடும். போன உலோகம் திரும்பி வராது.

மெஷினை மட்டும் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் போடச் சொல்லுங்கள். பின்மூடிக்கு ரப்பர் வளையம் புதிது. மாற்றிய பழைய பாகம் எதுவானாலும் பொட்டலம் கட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கள். டயலையும் முட்களையும் தொடக்கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இதை வாய்ப்பேச்சில் விட்டு நான் ஒரு தடவை இழந்தேன்; ஒரு சர்வீஸ் சென்டர், பெயர் வேண்டாம், நல்ல பழைய டயலை "சேதமான பாகம்" என்று எடுத்துக்கொண்டு பளபளப்பான புதியதைப் போட்டுக் கொடுத்தது. கூடுதல் பணமும் வாங்கியது.

இதை விற்கும் எண்ணம் உங்களுக்கு இருக்காது என்று நம்புகிறேன்.

கேள்வி (திருநெல்வேலி): ஃபர்ஸ்ட் காப்பி எங்கே கிடைக்கும்?

பதில்: என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி (ஓசூர்): எச்எம்டி பைலட், "அப்படியே புதுசு" என்று இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: ஓசூரில் உட்கார்ந்துகொண்டு டைட்டனை விட்டுவிட்டு எச்எம்டி கேட்கிறீர்களே! பைலட் அருமையான வாட்ச்தான். ஆனால் எச்எம்டியின் வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது 2016-இல். இன்று "புதுசு" என்று வருவதில் பெரும்பாலானவை பழைய மெஷினில் புதிதாக அச்சடித்த டயல் ஒட்டியவை. டயல் எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். விலை குறைவுதானே, பிடித்தால் கட்டுங்கள். சேகரிப்பு என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

கேள்வி (கோவை, நகைத் தொழில்): ஐயா, கோபிக்க வேண்டாம். இத்தனை லட்சத்தை இரும்பில் போடுவதற்குத் தங்கம் வாங்கினால் என்ன?

பதில்: கோபமே இல்லை, ரொம்ப நாளாக எதிர்பார்த்த ஆள் நீங்கள். கணக்குப் போடுவோம். 1957-இல் அமெரிக்காவில் ஒரு சப்மரைனர் 150 டாலர். அன்றைக்குத் தங்கம் அவுன்ஸ் 35 டாலர். அதாவது அந்த வாட்ச் காசுக்கு நாலே கால் அவுன்ஸ், நம் கணக்கில் பதினாறரைப் பவுன் வரும். 2025 மார்ச்சில் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியது. அந்தத் தங்கம் இருந்தால் 12,000 டாலருக்கு மேல். அதே வருடம் தேதி காட்டாத புது சப்மரைனர் கடை விலை 10,000-க்குள். ஒன்றை வாங்கி மீதியும் வைத்துக்கொள்ளலாம். இதுவரை நீங்கள் ஜெயித்தீர்கள்.

ஆனால் அந்தக் காலத்து வாட்ச்சையே பத்திரமாக வைத்திருந்தவர் கதை வேறு. பெரிய கிரவுன் வைத்த 6538 மாடல் ஏலத்தில் லட்சம் டாலரைத் தாண்டியிருக்கிறது.

கோவை: எத்தனை பேர் அப்படிப் பத்திரமாக வைத்திருந்தார்கள்?

பதில்: நல்ல கேள்வி, சங்கடமான கேள்வி. மிகக் கொஞ்சம் பேர். மிச்சமெல்லாம் தொலைந்தது, பாலிஷ் போட்டது, டயல் மாற்றியது. ஆனால் ஒன்று, அந்த 1957 அமெரிக்கர் தங்கக் கட்டி வாங்கவே முடியாது. 1933-இலிருந்து 1974 கடைசிவரை அங்கே அதற்குத் தடை. அவருக்குக் கையில் இருந்தது வாட்ச்தான்!

கோவை: நம் ஊரில் தடை இல்லையே. 2025-இல் பவுன் 70,000 தாண்டியது. உங்கள் வாட்ச்சுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், என் தங்கத்துக்கு 3.

பதில்: சேதாரம், செய்கூலி என்று ஒன்று போடுவீர்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோவை: அது நகைக்கு. தங்கக் காசாக வாங்கினால் ரொம்பக் குறைவு.

பதில்: காசாக வாங்கினால் அழகு எங்கே? நகைக்குச் செய்கூலி ஏன் கொடுக்கிறோம்? கழுத்தில் போட்டுக்கொள்ள. அந்தப் பணம் திரும்பாது என்று தெரிந்துதான் கொடுக்கிறோம். வாட்ச்சில் நான் இழப்பதும் அதே செய்கூலிதான். அந்தச் செய்கூலி எவ்வளவு என்று முன்னாலேயே தெரிந்துகொண்டு வாங்கு என்பதைத்தான் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பணம் பெருக வேண்டுமென்றால் உங்கள் கடைக்கே போகட்டும், நானே அனுப்பி வைக்கிறேன்.

திருச்சி (இடையில் புகுந்து): எங்கள் வீட்டில் என் நகையும் லாக்கரில், அவர் ரோலெக்ஸும் லாக்கரில். இரண்டு பேருக்கும் செய்கூலி தண்டம்.

பதில்: அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி (சேலம்): தங்கத்தில் செய்த ரோலெக்ஸ் வாங்கினால் இரண்டும் ஆச்சே?

பதில்: இரண்டும் ஆகாது. 18 கேரட் ரோலெக்ஸ் டே-டேட்டில் உள்ள தங்கத்தின் மதிப்பு, வாட்ச் விலையில் ஒரு பகுதிதான். மீதி, கோவைக்காரர் மொழியில், செய்கூலி.

கேள்வி (சிங்கப்பூர்): மனைவிக்குக் கார்ட்டியே டாங்க்கா, சின்ன ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட்டா? பின்னால் விற்க நேர்ந்தால் எது லாபம்?

பதில்: மனைவிக்குப் பரிசு கொடுக்கும்போதே விற்பதை நினைக்கிறீர்கள், தைரியசாலி. பொதுவாக ரோலெக்ஸ் கூடுதலாகத் தாங்கும். ஆனால் டாங்க் 1917-இல் வரைந்த வடிவம், இன்னும் பழசாகவில்லை. குவார்ட்ஸ் டாங்க் என்றால் சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி, அவ்வளவுதான் வேலை. ஆட்டோமேட்டிக் டேட்ஜஸ்ட்டை மாதக்கணக்கில் கட்டாமல் வைத்தால் ஒவ்வொரு தடவையும் நேரம், தேதி திருத்த வேண்டும். அதையும் இரவு ஒன்பதிலிருந்து காலை மூன்று வரை செய்யாமலிருப்பது நல்ல பழக்கம். அவர் தினமும் வாட்ச் கட்டுபவரா? அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கையில் வைத்துப் பாருங்கள். எதுவானாலும் பில் அவர் பெயரில்.

கேள்வி (அபுதாபி): வாட்ச் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால் கஸ்டம்ஸில் பிடிப்பார்களா? 10 லட்சத்துக்கு மேல் என்றால் ஏதோ வரியாமே?

பதில்: பில்லோடு வாருங்கள், புதிதாக வாங்கியதை அறிவித்துவிடுங்கள். அந்த "ஏதோ வரி", இந்தியாவில் 10 லட்சத்துக்கு மேல் வாட்ச் விற்கும்போது கடைக்காரர் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ், 2025 ஏப்ரலில் வந்தது. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (வேலூர்): ஸ்மார்ட் வாட்ச் எது நல்லது?

பதில்: என் துறை இல்லை.

கேள்வி (கோலாலம்பூர்): அண்ணே, ரோலெக்ஸ் வாங்கினால் பத்து வருடத்தில்...

பதில்: இல்லை. தெரியாது. மேலே படியுங்கள். பாலிஷ் போடாதீர்கள்.

கேள்வி (பெங்களூரு): கிராண்ட் சீகோ ஸ்னோஃப்ளேக் மீது ஒரு வருடமாக ஆசை. எல்லோரும், "அது சீகோ, ரீசேல் கிடையாது" என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் களைப்பையும் மீறி உட்கார்ந்திருந்தேன் போல. ரீசேல் குறைவுதான், பொய் சொல்ல மாட்டேன். புதிதாக வாங்கினால் இழப்பு பெரிது. ஆனால் அந்த வாட்ச்சில் விநாடி முள் டிக் டிக் என்று நகராது. ஸ்பிரிங் டிரைவ், சீகோ 1999-இல் கொண்டுவந்தது. வில் சுருளின் சக்தியில் ஓடுகிறது, வேகத்தைக் குவார்ட்ஸ் கட்டுப்படுத்துகிறது, பேட்டரி இல்லை. முள் எண்ணெய் வழிவது மாதிரி போகும். டைட்டானியம் என்பதால் கையில் கனமே தெரியாது. டயல், ஜப்பானின் ஷின்ஷு பகுதியில் விழும் பனியை மனதில் வைத்துச் செய்தது. விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, ஜன்னலோரம் காட்டினால் பனி தெரியும்.

நான் ஒன்று வைத்திருந்தேன். பன்னிரண்டு மணி இடத்தில் சீகோ என்று எழுதிய பழைய வகை. எனக்கும் ஊர் சொன்னது, ரீசேல் இல்லை என்று. விலை இன்னும் விழும் முன் தள்ளிவிடலாம் என்று விற்றேன். ஆறு மாதம் கழித்து, 2017-க்குப் பிறகு வந்த, கிராண்ட் சீகோ என்று மட்டும் எழுதிய வகையைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். இப்போது அதைப் பார்த்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன், மணி பதினொன்றே கால்.

செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். பெட்டி, கார்டு, பில்லில் உள்ள நம்பரும் கேஸில் உள்ள நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

கோவை: ஐயா, தூங்கிவிட்டீர்களா? அந்த ஸ்னோஃப்ளேக் எத்தனை மில்லிமீட்டர்?

பதில்: 41. ஏன் கேட்கிறீர்கள்?

கோவை: சும்மாதான்.