அண்ணாச்சி பதில்கள்: அந்த மார்ச் மாசக் கடைசி

(பழைய வண்ணாரப்பேட்டையில் மளிகைக்கடை நடத்தி, இப்போது கல்லாவை மகனிடம் கொடுத்துவிட்ட அண்ணாச்சி, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த வாரம் வந்தவை எல்லாம் கொரோனா ஊரடங்குக் காலத்தைப் பற்றியவை.)

2020 மார்ச்சில் ஊரடங்கு என்றதுமே எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் துவரம்பருப்பு இல்லை. கொஞ்ச நாள் கழித்து அதே பருப்பு விலை ஏறி வந்தது. உண்மையைச் சொல்லுங்கள், பதுக்கினீர்கள்தானே?
(ஒரு வாசகி, தண்டையார்பேட்டை)

பதுக்கியவனே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை அம்மா. ஆனால் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். மார்ச் 22 ஞாயிற்றுக்கிழமை மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு 144. அன்றைக்கே ராத்திரி 8 மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து 21 நாள் என்றார். எல்லாம் மாசக் கடைசி.

சம்பளம் வந்த கையோடு லிஸ்ட் எழுதி வருகிறவர்களுக்காக நாங்கள் 28, 29 தேதி வாக்கில்தான் கொத்தவால்சாவடி போய்ச் சரக்கு எடுப்போம். இருபது தேதிக்கு மேல் கடையில் மூட்டைகள் அடி தெரிய நிற்கும். அந்த நேரம் பார்த்து ஊரே வந்து விழுந்தது. போதாததற்கு 25ஆம் தேதி யுகாதி. நம் பக்கம் தெலுங்குக் குடும்பங்களுக்குக் கேட்கவா வேண்டும், வெல்லமும் புளியும் முதல் ஆளாகக் காலி.

சரி, மறுபடி எடுத்து வரலாம் என்றால் மின்சார ரயில் இல்லை, பஸ் இல்லை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த லோடு ஆட்கள் எப்படி வருவார்கள்? துவரை கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வர வேண்டிய சரக்கு. வழியில் ஒரு டீக்கடைகூடத் திறக்காத ரோட்டில் எந்த டிரைவர் லாரி எடுப்பார்? மொத்தக்கடையில் மூட்டை விலை ஏறியது, மீன்பாடி வண்டிக்காரர் வாடகை ஏற்றினார், எங்கள் தராசிலும் ஏறியது. இந்தச் சாக்கில் கூடுதலாக ஏற்றியவர்களை நான் தாங்கிப் பேச மாட்டேன்.

வருஷக்கணக்காக உங்கள் மாதிரிக் கடையில்தான் வாங்குகிறேன். அந்த நேரத்தில் எனக்கே ‘ரெண்டு கிலோதான் சார்’ என்றார் எங்கள் கடைக்காரர். வாடிக்கைக்கு மரியாதை அவ்வளவுதானா?
(ஒரு வாசகர், பெரம்பூர்)

உங்கள் கடைக்காரர் கெட்டிக்காரர். நானும் அதையேதான் சொன்னேன்.

வடசென்னைக் கடைக்கு வாடிக்கை இரண்டு ரகம் சார். லிஸ்ட் எழுதி மாசத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள் ஒன்று. தினம் சாயங்காலம் வருகிறவர்கள் இன்னொன்று. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற ஒரு அக்கா எங்கள் கடைக்கு வரும். அரை கிலோ அரிசி, நூறு பருப்பு, பத்து ரூபாய்க்கு எண்ணெய், ரெண்டு ரூபாய் மிளகாய்த்தூள் பாக்கெட். அன்றைய கூலி அன்றைக்கே உலைக்குப் போகும். மார்ச் 24 அன்று, இருபத்தியோரு நாளைக்கும் சேர்த்து வாங்கிக்கொள் என்றால் எதை வைத்து வாங்கும்? அப்புறம் படகும் கடலுக்குப் போகவில்லை.

அதே நாள் ஒருவர் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு 25 கிலோ சிப்பம் நாலு கேட்டார். வீட்டில் மூன்று பேர். அதனால் அரிசியில் ஒரு மூட்டை, பருப்பில் ஒரு மூட்டை இரண்டையும் தராசுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ‘ஸ்டாக் இல்லை’ என்றேன். சில்லறைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் அதிலிருந்து அளந்தேன். தண்டையார்பேட்டை வாசகி இதைப் பதுக்கல் என்பார் என்றால், சரி, பதுக்கல்தான்.

கூட்டத்தைக் குறைக்கத்தானே கடை நேரத்தைக் குறைத்தார்கள்? அப்புறம் ஏன் கூட்டம் அதிகமானது?
(ஒரு மாணவி, வியாசர்பாடி)

முதலில் மதியம் 2.30 வரை என்றார்கள், ஏப்ரலில் அதையும் 1 மணி ஆக்கினார்கள். நாள் முழுக்கப் பரவலாக வரவேண்டிய ஜனம் ஆறேழு மணி நேரத்துக்குள் வந்தால் நெரியாமல் என்ன செய்யும்? நாங்களும் வாசலில் கயிறு கட்டி, சுண்ணாம்பில் வட்டம் போட்டோம். பத்து மணி வெயிலில் வட்டத்துக்கு ஒரு பையை வைத்துவிட்டு, ஆட்கள் எல்லாம் எதிர்வீட்டு நிழலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். பைகள் ஒழுங்காக இடைவெளி கடைப்பிடித்தன.

எல்லாவற்றையும் விட மோசம் ஏப்ரல் 25. மறுநாளிலிருந்து சென்னையில் நாலு நாள் முழு ஊரடங்கு, மளிகைக்கடையும் கிடையாது என்று முந்தின நாள்தான் சொன்னார்கள். ரம்ஜான் நோன்பு தொடங்கியதும் அன்றைக்கே. கஞ்சிக்குக் குருணை, பாசிப்பருப்பு, வெந்தயம் கேட்டு ஒரு பக்கம், மற்ற எல்லாம் கேட்டு இன்னொரு பக்கம். ராயபுரம் மண்டலத்தில் தொற்று ஏறிக்கொண்டிருந்த நேரம் அது. நோட்டைத் தொடவே பயந்து, சில்லறைக் காசை சோப்புத் தண்ணீர் மக்கில் போடச் சொன்னோம். சாயங்காலம் கல்லாவை எண்ணுவதற்குப் பதில் வடிகட்டினோம்.

அப்போது வாங்கிக் குவித்த சானிடைசர் இன்னும் வீட்டில் இருக்கிறது. என்ன செய்யலாம்?
(ஒரு வாசகர், கொளத்தூர்)

தேதி முடிந்திருக்கும், அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள். 200 மில்லிக்கு 100 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு உச்சவரம்பு வைக்கும் வரை என்ன விலைக்கு வாங்கினீர்களோ, அதைக் கேட்க மாட்டேன். கை கழுவ சோப்பு போதும் என்று அப்போதும் சொன்னார்கள்.

இன்னொரு தடவை அப்படி வந்தால்? வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்வது?
(ஒரு வாசகி, திருவொற்றியூர்)

வழக்கமாக வாங்குவதில் இரண்டு வாரத்துக்குக் கூட இருந்தால் போதும். ரவை, மைதா, கோதுமை மாவு மூன்றையும் நிறைய வாங்கி வைக்காதீர்கள். உங்கள் ஊர்க் கடல்காற்றுக்குச் சீக்கிரம் வண்டு வைக்கும். ரவையை வெறும் வாணலியில் வறுத்து வைத்தால் கொஞ்சம் தாங்கும். பருப்பை வெயிலில் காயவைத்து வரமிளகாய் போட்டு மூடுங்கள். உப்பு, புளி, மிளகாய் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். பழையதை முன்னால் நகர்த்தி, புதியதைப் பின்னால் வையுங்கள். கடையில் நாங்கள் செய்வதும் அதுதான்.

அந்தக் காலத்துக் கணக்கு நோட்டுக் கடன் எல்லாம் வசூலாகிவிட்டதா அண்ணாச்சி?
(ஒரு வாசகர், புளியந்தோப்பு)

முக்கால்வாசி வந்துவிட்டது. ரேஷனில் 1000 ரூபாயும் ஏப்ரல் மாச அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகக் கொடுத்தார்களே, அந்தப் பணத்தை வாங்கிய கையோடு வந்து பாதிக் கடனை அடைத்தவர்கள் உண்டு. அந்த மீன் வெட்டும் அக்கா, படகு போக ஆரம்பித்ததும் ஐம்பது நூறாகக் கொடுத்து முடித்தது. வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போன இரண்டு குடும்பத்துப் பக்கத்தை நானே அடித்துவிட்டேன்.

பெரிய தொகையாக இன்னும் நிற்பது ஒரு மாடி வீட்டுக் கணக்கு. அவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டிப் படிக்கிறவர்.